ஹெட்போன் டேக்: சிப் பெயரைவிட வோல்ட் கணக்கு முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் செருகி ஹெட்போனில் பாட்டுக் கேட்க உதவும் சிறிய யூஎஸ்பி டேக் கருவிகளை (டிஜிட்டல் பாட்டை ஹெட்போனுக்கு ஏற்ற அனலாக் மின்னலையாக மாற்றுபவை) ஒப்பிட்டு, நமது நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் ஓர் அட்டவணை வந்திருந்தது. விலை, சிப்பின் பெயர், '32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ்', எடை, நிறம் எல்லாம் அதில் இருந்தன. வாங்குகிறவருக்கு வேண்டிய மூன்று விவரங்கள்தாம் இல்லை. கருவி எத்தனை வோல்ட் தரும், அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (உள்தடை) எத்தனை ஓம், கையிலிருக்கும் போனோடு ஒத்துப்போகுமா? கடையில் கேட்டால் "எல்லா போனுக்கும் போடலாம் சார்" என்ற ஒரே பதில்தான். ஆகவே இந்த மூன்றையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இது யாருக்குத் தேவையில்லை என்பது. போனில் 3.5 மி.மீ. ஜாக் இருக்கிறது, சாதாரண இயர்போன்தான், சத்தம் போதுமான அளவு வருகிறது, பின்னணியில் இரைச்சல் இல்லை என்றால் டேக் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பட்ஜெட் போன்கள் பலவற்றில் இன்னும் அந்த ஜாக் இருக்கிறது. அதிலிருந்து வரும் ஒலி பெரும்பாலும் குறைசொல்லும்படி இருக்காது. டேக் போட்டால் பழைய பாட்டில் இதுவரை கேட்காத வாத்தியமெல்லாம் கேட்கும் என்பது விளம்பரப் பேச்சு. ஒலியின் குணத்தைத் தீர்மானிப்பது இயர்போன்; அடுத்தது, அதன் ரப்பர் முனை காதுத் துளையை எவ்வளவு நன்றாக அடைக்கிறது என்பது. முனை தளர்வாக இருந்தால் பேஸ் முழுவதும் வெளியே கசிந்துவிடும். எந்த டேக்கும் அதைத் திருப்பித் தராது. இருநூறு முந்நூறு ரூபாய்க்கு மூன்று நான்கு அளவுகளில் முனைகள் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான் இந்தத் துறையில் மிக மலிவான, மிகப் பலன் தரும் செலவு. டேக் தீர்த்துவைப்பது இரண்டே பிரச்சினைகளை. போனில் ஜாக் இல்லாதது ஒன்று. இருக்கும் ஜாக்கில் சத்தம் போதாமலோ இரைச்சலாகவோ இருப்பது மற்றொன்று.

ஜாக் இல்லாத போன்கள் 2016-ல் ஐபோன் 7 வந்த பிறகு பெருகின. அடுத்த ஆண்டே கூகுள் பிக்சல் 2-இலும் ஜாக் போய்விட்டது. அதோடு சேர்ந்து பிறந்த குழப்பம், நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டைப்-சி கன்வெர்ட்டர். இதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் உள்ளே வெறும் கம்பிதான், சிப் கிடையாது. போனுக்குள் இருக்கும் டேக்கிலிருந்தே அனலாக் ஒலியை டைப்-சி போர்ட்டின் டேட்டா பின்கள் வழியாக வெளியே எடுக்கிறது. இதற்குப் போன் தயாரிப்பாளர் வழி செய்திருக்க வேண்டும். பிக்சல் போன்களிலும் சாம்சங்கின் அண்மைக்கால கேலக்ஸி எஸ் வரிசையிலும் அந்த வழி இல்லை. செருகினால் ஒன்றும் நடக்காது, பாட்டு ஸ்பீக்கரிலேயே ஓடும். மற்ற ரகத்தில் பின்னுக்குள்ளேயே சிறிய டேக் சிப் இருக்கும். அதுதான் யூஎஸ்பி டேக். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி: இயர்போனையும் செருகிக்கொண்டு, கன்வெர்ட்டரை லேப்டாப்பின் டைப்-சி போர்ட்டில் போடுங்கள். சவுண்ட் செட்டிங்ஸில் புதிதாக ஒரு அவுட்புட் தோன்றினால் அது டேக். ஒன்றும் தோன்றாவிட்டால் வெறும் கம்பி. இயர்போனோடு செருகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆப்பிளின் கன்வெர்ட்டர், இயர்போன் செருகாதவரை தான் இருப்பதையே காட்டிக்கொள்ளாது.

டேக் நல்லதாகவே இருந்தும் போன் கண்டுகொள்ளாமல் போவதுண்டு. ஒன்பிளஸ், ஒப்போ, ரியல்மி போன்களில் செட்டிங்ஸுக்குள், வெளிக்கருவிகளைப் போனோடு இணைக்க 'ஓடிஜி கனெக்‌ஷன்' என்ற சுவிட்ச் இருக்கும். அதை ஆன் செய்தால்தான் போர்ட்டில் மின்சாரமே வரும். பத்து நிமிடம் எதுவும் செருகாமல் விட்டால் தானாக ஆஃப் ஆகிவிடும். 'நேற்று பாடியது, இன்று பாடவில்லை' என்று திரும்பி வரும் டேக்குகளில் கணிசமானவை இந்தச் சுவிட்ச்சால் வருபவை. இன்னொரு பாமரக் காரணம், போனின் கவர். தடிமனான கவர் போட்டிருந்தால் டைப்-சி முனை முழுவதும் உள்ளே போகாது. அரை மில்லிமீட்டர் குறைந்தாலும் அசைத்தால் விட்டு விட்டு வரும். போர்ட்டுக்குள் சட்டைப்பை பஞ்சு இறுகிப்போய் உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல்குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம். ஊசி வேண்டாம், நடுநாக்கிலிருக்கும் பின்கள் வளைந்துவிட்டால் போர்ட்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஐபோனில் 15-ஆம் வரிசையிலிருந்து (2023) டைப்-சி வந்துவிட்டதால் நேரடியாகச் செருகலாம். அதற்கு முந்தைய லைட்னிங் போன்களுக்குத் தனி லைட்னிங்–யூஎஸ்பி அடாப்டர் வேண்டும். சார்ஜ் செய்யும் கேபிள் உதவாது. அதிக மின்சாரம் இழுக்கும் டேக்கைச் செருகினால், இந்தக் கருவி மிகுந்த மின்சாரம் கேட்கிறது என்று எச்சரிக்கை காட்டிப் போன் மறுத்துவிடும். பழைய ஐபோன் வைத்திருப்பவர்கள் குறைவாக மின்சாரம் இழுக்கும் எளிய டேக்குகளையே தேட வேண்டும்.

இனி வோல்ட் கணக்கு. இதைப் புரிந்துகொண்டால் பாதி விளம்பரங்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

ஹெட்போன் பெட்டியின் பின்பக்கம் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, ஓமில். மற்றொன்று சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபலில். இரண்டாவது எண்ணைச் சிலர் ஒரு மில்லிவாட்டுக்கு எனவும், சிலர் ஒரு வோல்ட்டுக்கு எனவும் குறிப்பார்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். மில்லிவாட் கணக்கை வோல்ட் கணக்காக மாற்ற, 32 ஓம் ஹெட்போன் என்றால் 15 டெசிபல் கூட்டுங்கள். 16 ஓம் என்றால் 18, 64 ஓம் என்றால் 12, 250 ஓம் என்றால் 6. ஓம் இரட்டிக்கும்போது 3 குறையும் என்று நினைவில் வைத்தால் போதும்.

நிதானமாகக் கேட்பவருக்கு சராசரி 75 முதல் 80 டெசிபல் போதும். தவிலின் அடியோ மிருதங்கத்தின் சொல்லோ அந்தச் சராசரிக்கு மேல் 15, 20 டெசிபல் எகிறும். அமைதியாகப் பதிவுசெய்த கச்சேரிகளுக்கும் கொஞ்சம் இடம் விட்டு, உச்சம் 110 டெசிபல் எட்டினால் எந்தப் பாட்டுக்கும் குறைவராது என்று வைத்துக்கொள்ளலாம். இது தாராளமான கணக்கு.

மூன்டிராப் சூ 2 போன்ற மலிவான இயர்போன் 18 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 119 டெசிபல். 110 எட்ட அதற்கு 0.36 வோல்ட் போதும். ஆடியோ-டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். வோல்ட் கணக்கில் சுமார் 113. அதற்கு 0.7 வோல்ட். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 80 ஓம் மாடல் ஒரு மில்லிவாட்டுக்கு 96, வோல்ட்டுக்கு 107. அதற்கு 1.4 வோல்ட். அதே டிடி 770-இன் 250 ஓம் மாடலுக்கு 2.5 வோல்ட் வேண்டும். சென்ஹைசர் எச்டி 650, 300 ஓம், வோல்ட்டுக்கு 103 டெசிபல்; அதற்கு 2.2 வோல்ட்.

ஆப்பிளின் டைப்-சி கன்வெர்ட்டர் தருவது ஒரு வோல்ட். மேலே சொன்னவற்றில் முதல் இரண்டுக்கும் அது தாராளம். மூன்றாவதற்கும் சினிமாப் பாட்டுக் கேட்க இடைஞ்சல் இருக்காது. இன்றைய சினிமாப் பாட்டுகளில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி மிகக் குறைவு, எப்போதும் உரக்கவே பதிவாகியிருக்கும். இயர்போன் வைத்திருக்கிற பெரும்பான்மையோருக்கு இந்தச் சிறிய வெள்ளை வாலே போதும் என்பதுதான் என் முடிவு. அளவெடுத்துப் பார்த்தாலும் ஒலித்தரத்தில் அது பல மடங்கு விலையுள்ள கருவிகளுக்கு அருகில் நிற்கிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஐரோப்பாவில் விற்கும் மாடல் காதுப் பாதுகாப்பு விதிக்காக அரை வோல்ட்டோடு நிறுத்தப்பட்டது. உறவினர் அங்கிருந்து வாங்கி வந்தால் சத்தம் 6 டெசிபல் குறைவாகத்தான் வரும். அடுத்தது, பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்தக் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் வால்யூமைப் போன் முழு அளவுக்கு உயர்த்துவதில்லை. போனில் முழுவதும் ஏற்றியும் முனகலாகத்தான் கேட்கும். யூஎஸ்பி ஆடியோ பிளேயர் ப்ரோ மாதிரி சொந்த டிரைவர் உள்ள செயலியில் பாடினால் சரியாகும். யூடியூபுக்கு அந்த வழி கிடையாது. ஆகவே டைப்-சி உள்ள ஐபோன், லேப்டாப் வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆண்ட்ராய்டுக்காரர்கள் தங்கள் போனிலேயே போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வோல்ட் மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு. ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ போன்ற பிளேனார் (தட்டையான சவ்வு அதிரும் ரகம்) ஹெட்போன் 32 ஓம்தான், ஆனால் மில்லிவாட்டுக்கு 91 டெசிபல். 110 எட்ட 1.6 வோல்ட், அதாவது 80 மில்லிவாட், 50 மில்லிஆம்பியர் வேண்டும். 250 ஓம் ஹெட்போனுக்கோ 2.5 வோல்ட்டில் 10 மில்லிஆம்பியரே போதும். ஒன்று கரண்ட்டைக் கேட்கிறது, மற்றொன்று வோல்ட்டேஜைக் கேட்கிறது. டேக் பெட்டியில் '2 வோல்ட்' என்று போட்டிருந்தாலும், அது சுமையில்லாமலோ 300, 600 ஓம் சுமையிலோ எடுத்த அளவாக இருக்கலாம். இங்கேதான் சிப் பெயர் ஏமாற்றுகிறது. சிர்ரஸ் லாஜிக்கின் சிஎஸ்43131 நல்ல சிப், மலிவு விலை டேக்குகள் பலவற்றில் இருப்பது அதுதான். 2 வோல்ட் வரை தரும். ஆனால் 32 ஓம் சுமையில் தனியாக அது தருவது சுமார் 30 மில்லிவாட், அதாவது ஒரு வோல்ட்டே. அதற்குப் பின்னால் தனி ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சேர்த்த கருவி, சேர்க்காத கருவி இரண்டிலும் பெட்டியின் மேல் அதே சிப் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். பார்க்க வேண்டியது '32 ஓமில் எத்தனை மில்லிவாட்' என்ற வரி. 30 என்றால் ஒரு வோல்ட், 60 என்றால் 1.4, 125 என்றால் 2, 200 என்றால் 2.5 வோல்ட். 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர் அதோடு நிற்காமல் 300 ஓமில் என்ன என்பதையும் பார்க்க வேண்டும். சிப் தட்டுப்பாட்டிலும் இந்த நாமாவளி மாறியதுண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயொகாவில் ஏகேஎம் என்ற சிப் நிறுவனத்தின் தொழிற்சாலை தீப்பற்றியதும், அதுவரை ஏகேஎம்மின் பெருமை பேசிய நிறுவனங்கள் இஎஸ்எஸ் என்ற வேறு நிறுவனத்தின் சிப்புக்கு மாறி அதன் பெருமையைப் பேசத் தொடங்கின.

ஈக்வலைசர் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. பேஸை 6 டெசிபல் ஏற்றினால், ஒலி உடையாமலிருக்க மொத்த அளவை 6 டெசிபல் இறக்கியாக வேண்டும். அதாவது அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வோல்ட். 'ஈக்யூ போட்டால் கரகரக்கிறது' என்பவர்கள் பெரும்பாலும் அந்த மொத்த அளவை (செயலியில் 'ப்ரீஆம்ப்' என்றிருக்கும்) இறக்க மறந்தவர்கள்.

அவுட்புட் இம்பீடன்ஸுக்கு வருவோம். டேக்கின் உள்தடை, ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓமுக்குள். ஒரே டிரைவர் (ஒலியெழுப்பும் உறுப்பு) உள்ள இயர்போன்களில் இது மீறப்பட்டாலும் பெரிய கேடில்லை. ஆர்மேச்சர் எனப்படும் குட்டி டிரைவர்கள் பல உள்ளவற்றில்தான் விளையாட்டே. அவற்றின் இம்பீடன்ஸ் ஒரு சுருதியில் 8 ஓம், இன்னொரு சுருதியில் 40 ஓம் என்று அலையும். 10 ஓம் உள்தடையுள்ள கருவியில் போட்டால் அந்த இரண்டு இடங்களுக்கும் 5 டெசிபல் வித்தியாசம் விழும். குரல் மங்கும், அல்லது ஜால்ரா காதைக் குத்தும். உள்தடை 1 ஓம் என்றால் வித்தியாசம் 0.8 டெசிபல்தான். லேப்டாப் ஜாக்குகளில் இந்தத் தடை கூடுதலாக இருப்பது சகஜம். அதே இயர்போன் போனில் ஒருமாதிரியும் லேப்டாப்பில் வேறுமாதிரியும் ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த எண்ணைப் பல நிறுவனங்கள் அச்சிடுவதே இல்லை. வீட்டிலேயே அளக்கலாம். அறுந்துபோன இயர்போனின் ஜாக்கோடு ஒரு சாண் வயரை வெட்டிக்கொள்ளுங்கள். அந்த வயரின் இழைகளின் மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும். சால்டரிங் அயர்ன் முனையில் ஈயத்தோடு சில விநாடி வைத்து எரித்தால்தான் தொடர்பு கிடைக்கும். பெரும்பாலும் செம்பு நிற இழை பொது, சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது. மல்டிமீட்டரின் கண்டினியூட்டியில் வைத்து உறுதிசெய்துகொள்வது நல்லது. 100 ஹெர்ட்ஸ் டோனைப் பாடவிட்டு, இடது இழைக்கும் பொது இழைக்கும் இடையே ஏசி வோல்ட் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே தப்பாகக் காட்டும். பிறகு அதே இடத்தில் 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே வைத்து மீண்டும் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும், கால் வாட் போதும். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்கினால் உள்தடை. 0.950 வோல்ட் 0.922 ஆக இறங்கினால் 1 ஓம். இடது இழையும் வலது இழையும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதே சோதனையில் வால்யூமை முழுவதும் ஏற்றினால், உங்கள் போனோடு சேர்ந்து அந்த டேக் தரும் நிஜ வோல்ட்டும் தெரிந்துவிடும். நிறுவனம் அச்சிட்ட எண்ணுக்கும் அதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரைச்சல் பற்றிச் சுருக்கமாக. வோல்ட்டுக்கு 120 டெசிபல் தரும் இயர்போனில், 2 மைக்ரோவோல்ட் இரைச்சலுள்ள டேக் எழுப்புவது 6 டெசிபல். எந்த அறையிலும் கேட்காது. 10 மைக்ரோவோல்ட் என்றால் 20 டெசிபல். இரவின் அமைதியில், தம்புரா மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கத்தில் 'ஸ்ஸ்' என்று தெரியும். பெரிய ஹெட்போன்களை விரட்டத் தகுந்த சக்தி மிக்க டேக்கை இயர்போனுக்கு வாங்கினால் இந்தத் தொல்லை வரலாம். வால்யூமின் முதல் படியே உரக்கக் கேட்பது அடுத்த தொல்லை. கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) சுவிட்ச் இருந்தால் லோவில் வையுங்கள். தனி வால்யூம் பட்டன் உள்ள டேக் இதற்கு மேல். 'ஸ்ஸ்' இல்லாமல் 'டிக்டிக்', 'குர்ர்' என்று வந்தால் அது போனின் ரேடியோ அலை கலப்பது. ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்கள், நின்றுவிட்டால் டேக்கின் வயர் கவசம் சரியில்லை; திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வாங்கியபின் வருந்துபவர்களில் பாதிப்பேரின் வருத்தம் மைக்கைப் பற்றியது. சங்கீத ரசிகர்களுக்கென்று விற்கும் பல டேக்குகளில் மைக் இணைப்பே இருக்காது. வாட்ஸ்அப் கால் வந்தால் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்காது, அல்லது சட்டைப்பையிலிருக்கும் போனின் மைக் வழியாகத் துணி உரசலோடு கேட்கும். ஆன்லைன் வகுப்பும் அலுவலகக் கூட்டமும் உள்ளவர்கள் 'மைக் உண்டா' என்று முதலில் கேளுங்கள். நான்கு பட்டை ஜாக்கில் பழைய ரகம் ஒன்றும் உண்டு. அதில் மைக்கும் கிரவுண்டும் (இடது, வலது இரண்டுக்கும் பொதுவான இணைப்பு) இடம் மாறியிருக்கும். அதை இன்றைய டேக்கில் செருகினால் இசை மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும், பாடுபவர் குரல் காணாமல் போகும். கிரவுண்டு கிடைக்காததால் இடதும் வலதும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து, நடுவில் இருக்கும் குரல் அழிந்துவிடுகிறது. இயர்போனின் மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பி வந்தால் காரணம் இதுதான், டேக் பழுதல்ல. ஜாக் முழுதாக உள்ளே போகாதபோதும் இதே மாதிரி கேட்கும்.

4.4 மி.மீ. பேலன்ஸ்டு ஜாக் (இடதுக்கும் வலதுக்கும் பொது இணைப்பில்லாமல் தனித்தனி வழி தருவது) இருப்பதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள். அதில் வோல்ட் இரட்டிக்கும், உள்தடையும் இரட்டிக்கும். 250, 300 ஓம் ஹெட்போன், பிளேனார் வைத்திருப்பவர்களுக்குப் பயன் உண்டு. 18 ஓம் இயர்போனுக்கு ஒன்றுமில்லை. முக்கியமாக, 4.4 அவுட்புட்டிலிருந்து சாதாரண 3.5 ஹெட்போனுக்குப் போகும் கன்வெர்ட்டரை வாங்கிப் போடாதீர்கள். பேலன்ஸ்டில் இடது மைனஸும் வலது மைனஸும் தனித்தனி ஆம்ப். அந்தக் கன்வெர்ட்டர் இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஷார்ட் செய்துவிடும். ஆம்ப் சூடாகிப் போய்விட வாய்ப்புண்டு. இணையக் கடைகளில் எச்சரிக்கை எதுவுமின்றி இதை விற்கிறார்கள்.

768 கிலோஹெர்ட்ஸ் என்பதை (விநாடிக்கு எத்தனை முறை ஒலியின் மாதிரி எடுக்கப்படுகிறது என்ற எண்) மறந்துவிடலாம். சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். மனிதக் காது கேட்பதன் மேல் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், அதுவும் இளவயதில். பதியக்கூடிய ஒலி அந்த மாதிரி எண்ணில் பாதி வரை; சிடியே அந்த எல்லையைத் தாண்டியது. ஆண்ட்ராய்டு பொதுவாக எல்லாவற்றையும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் அனுப்புகிறது. ஆண்ட்ராய்டு 14-இல் மாற்றாமல் அனுப்ப வழி தந்தார்கள், ஆனால் செயலியும் போன் தயாரிப்பாளரும் ஒத்துழைக்க வேண்டும். அது நடக்காவிட்டாலும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெட்டியில் எம்க்யூஏ (அதே பெயருள்ள நிறுவனத்தின் ஒலிக்கோப்பு முறை) என்று போட்டிருந்தால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள். அந்த நிறுவனம் 2023 ஏப்ரலில் திவால் நிர்வாகத்துக்குப் போனது. அதைப் பயன்படுத்திய டைடல் என்ற இணையப் பாட்டுச் சேவையும் 2024 ஜூலையில் கைவிட்டுவிட்டது.

விண்டோஸ் லேப்டாப்பில் டேக் போடுபவர்கள் சவுண்ட் ப்ராப்பர்ட்டீஸில் 24 பிட், 48000 என்று வைத்துக்கொண்டால் போதும். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து தனி டிரைவர் வேண்டாம். பிளேஸ்டேஷன் 5, நின்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றில் யூஎஸ்பி ஆடியோவின் முதல் வகுப்பு (பழைய தரமான யூஏசி 1) டேக்குகளே வேலை செய்யும். சில டேக்குகளில் அதற்கென மாற்றும் வசதி இருக்கும், கேட்டு வாங்குங்கள். டேக்கிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கோ ஆக்டிவ் ஸ்பீக்கருக்கோ வயர் கொடுத்தால் 'ஹும்' சத்தம் கேட்கிறது, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்றால் அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் கிரவுண்டும் வளையமாகச் சேர்ந்து எழும் இரைச்சல். டேக்கை மாற்றிப் பயனில்லை. 3.5 மி.மீ. கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் தீர்த்துவிடும். அதை ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் பொதுவாகப் போட வேண்டாம். ஹெட்போனில் பேஸைக் கெடுக்கும்.

பேட்டரி கேள்வியும் வரும். எளிய டேக் 60 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும் என்று வைத்தால், 5 வோல்ட்டில் 0.3 வாட். 5000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி இருக்கிறது. பத்து மணி நேரம் கேட்டால் 16 சதவீதம் போகும். 150 மில்லிஆம்பியர் இழுக்கும் சக்திமிக்க டேக்கில் அதே பத்து மணிக்கு 39 சதவீதம். பேருந்திலும் ரயிலிலும் கேட்பவர்களுக்கு இது சின்ன வித்தியாசமில்லை. கேட்டுக்கொண்டே சார்ஜ் செய்ய இரட்டை முனை கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. சார்ஜரைச் செருகும் கணத்தில் பாட்டு நிற்பதும், மலிவு சார்ஜரின் இரைச்சல் காதில் கலப்பதும் அவற்றின் வழக்கமான குறை.

உடைவது எங்கே தெரியுமா? டைப்-சி முனையிலிருந்து வயர் தொடங்கும் அந்தக் கழுத்துப் பகுதியில். போனைச் சட்டைப்பையில் போர்ட் கீழே இருக்கும்படி போட்டால், உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்தக் கழுத்து மடங்குகிறது. போனைத் தலைகீழாக, போர்ட் மேலே வரும்படி போடுங்கள். வயரைக் கழற்றி மாற்றக்கூடிய டேக் என்றால் வயர் போனாலும் கருவி மிஞ்சும். அடிக்கடி வெளியில் எடுத்துப்போகிறவர்கள் அதற்காக இருநூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

டேக்கை முதன்முறை செருகும்போது இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டு செருகாதீர்கள். போனின் வால்யூமும் டேக்கின் வால்யூமும் தனித்தனியாக இருந்தால், எது எங்கே நிற்கிறது என்று தெரியாது. மேசைமேல் வைத்துப் பாடவிட்டு, குறைத்து, பிறகு காதில் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரமே. 2 வோல்ட் டேக்கில் 119 டெசிபல் இயர்போனைப் போடுகிறவர் கையில் 125 டெசிபல் இருக்கிறது என்பதை வீட்டில் பிள்ளைகள் எடுத்துப் பயன்படுத்தும்போது மறந்துவிட வேண்டாம். வால்யூம் வரம்பு வைக்கும் வசதி போனில் இருந்தால் டேக் செருகியபின் அது இன்னும் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தனி வால்யூம் பட்டன் உள்ள டேக் அந்த வரம்பை மதிக்காமல் போகலாம்.

இயர்போன்காரருக்கு ஒரு வோல்ட், மைக் வசதி, 2 ஓமுக்குள் உள்தடை போதும். ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கும். 80 ஓம் ஸ்டுடியோ ஹெட்போனுக்கு 2 வோல்ட். 250, 300 ஓமுக்கும் பிளேனாருக்கும் 32 ஓமில் 200 மில்லிவாட்டும் கெயின் சுவிட்சும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் உலோகக் கூட்டுக்கும் திரைக்கும் பெட்டிக்கும் போகிறது. திருப்பிக் கொடுக்கும் தேதிக்குள் உங்கள் போனில், உங்கள் கவரோடு, ஒரு கால் பேசி, ஏரோபிளேன் மோடிலும் அது இல்லாமலும் பாட்டுக் கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை இப்படியோர் அட்டவணை வெளியிடும்போது நிறத்துக்கும் எடைக்கும் கொடுத்த இரண்டு கட்டங்களை எடுத்துவிட்டு, 32 ஓமிலும் 300 ஓமிலும் எத்தனை வோல்ட், அவுட்புட் இம்பீடன்ஸ் எத்தனை, மைக் உண்டா, எந்தெந்தப் போன்களில் செருகிப் பார்க்கப்பட்டது என்ற நான்கு கட்டங்களைச் சேர்க்குமாறு ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். எண் நிறுவனம் தந்ததா, அளந்து பார்த்ததா என்பதையும் அடியில் ஒரு வரியில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுநீக்கும் வாசகர்,
திருச்சி.